கிறிஸ்தவ சபையில தலைவரா இருக்கிறவங்க எப்படி இருக்கணும்? ஆபீஸ் அனுபவம் அங்க ஒத்துவருமா?

கேள்வி கேட்டவர் ஆபீஸ்ல ஒரு டீமை நடத்துறவராம், இப்போ சபை கமிட்டிக்கு எடுத்திருக்காங்க, அதே மாதிரி இங்கயும் நடத்தலாமா, சின்ன வயசுக்காரன் சொன்னா பெரியவங்க கேப்பாங்களான்னு கேட்டிருக்கார். நானும் கமிட்டில இருந்தவன்தான், பொருளாளர் கூட உக்காந்து காணிக்கை எண்ணினவன், அதை வச்சு சொல்றேன்.

பாதி ஒத்துவரும். வேலையை பிரிச்சுக் குடுக்கிறதெல்லாம் பைபிள்லயே இருக்கு, மோசே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்தை ஆளா உக்காந்து எல்லார் வழக்கையும் தீர்த்துக்கிட்டு இருந்தப்போ மாமனார் எத்திரோ வந்து பாத்துட்டு, இப்படியே போனா நீயும் சோர்ந்துடுவ ஜனங்களும் சோர்ந்துடுவாங்கன்னு ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, அம்பது பேருக்கு, பத்து பேருக்குன்னு தலைவர்களை வைக்கச் சொன்னது யாத்திராகமம் 18ல வருது. (மாமனார் சொன்னதை மருமகன் அப்படியே செஞ்சதும் பெரிய விஷயம்தான்.)

ஒத்துவராத பாதி எதுன்னா, ஆபீஸ்ல சம்பளம் வாங்குறவன் கேட்டுத்தான் ஆகணும், சபைல வேலை செய்றவங்க முக்கால்வாசி பேர் சும்மா வந்து செய்றவங்க, மனசு நொந்தா வேற சபைக்குப் போயிடுவாங்க, இல்ல கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துட்டு எதுலயும் தலையிடாம வீட்டுக்குப் போயிடுவாங்க. அதே நேரம் எந்த மேனேஜருக்கும் இல்லாத ஒரு ஆயுதம் போதகர் கையில இருக்கு, "கர்த்தர் என்கிட்ட பேசினார்"னு சொல்லிட்டா அதுக்கு மேல யார் வாயைத் திறப்பா? அதனால ஒரு சபைத் தலைவரை நான் எடை போடுறது ஒரே விஷயத்துலதான், அவரை நாலு பேர் கேள்வி கேக்க முடியுதா இல்லையா.

கேள்வி கேட்டா உடனே "அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே"ம்பாங்க. அந்த வசனம் 105ம் சங்கீதத்துல ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் ஊர் ஊரா அலைஞ்சப்போ ராஜாக்கள் அவங்களுக்கு தீங்கு பண்ணக் கூடாதுன்னு சொன்னது, கணக்கு கேக்கக் கூடாதுன்னு இல்ல. தாவீது ராஜாவும் அபிஷேகம் பெத்தவர்தானே, அவர் பாவம் பண்ணினப்போ தீர்க்கதரிசி நாத்தான் நேரா அவர் முகத்தைப் பாத்து "நீயே அந்த மனுஷன்"னு சொல்லலையா? அந்தியோகியாவுல அப்போஸ்தலன் பேதுரு புறஜாதிக்காரங்களோட, அதாவது யூதர் அல்லாதவங்களோட, சாப்பிடுறதை விட்டு ஒதுங்கினப்போ பவுல் எல்லாருக்கும் முன்னாடியே கேட்டுட்டார், கலாத்தியர் 2ல இருக்கு.

பண விஷயம்தான் பெரிய சோதனை. எருசலேமுக்கு சேர்த்த தர்மப் பணத்தைப் பத்தி பவுல் 2 கொரிந்தியர் 8ல எழுதும்போது தன்னோட உடன் ஊழியர் தீத்துவோட இன்னும் ரெண்டு பேரை அனுப்புறார், அதுல ஒருத்தரை சபைகளே தெரிஞ்செடுத்தது, கர்த்தருக்கு முன்னாடி மட்டுமில்ல மனுஷர் முன்னாடியும் யோக்கியமா நடக்கணும்னு காரணமும் சொல்றார். பவுலுக்கே இது தேவைப்பட்டுச்சு! எங்க பழைய போதகர் ஒருத்தர் காணிக்கை எண்ணுற ரூமுக்குள்ளயே வரமாட்டார், ஆராதனை முடிஞ்சதும் பைகளை மேஜைல கொட்டி ரெண்டு பேர் எண்ணுவோம், ஒரே தொகை வந்தாத்தான் நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுவோம். அவசரமா யாருக்காவது உதவின்னாலும் "நோட்டுல ஏறட்டும், அப்புறம் பொருளாளர்கிட்ட கேளுங்க"ம்பார், நேரா கை நீட்டி எடுத்து நான் பாத்ததில்ல. அவர் மேல காசு விஷயத்துல ஒரு முணுமுணுப்பு கூட வந்ததில்ல.

முணுமுணுப்புன்னதும் அப்போஸ்தலர் 6 ஞாபகம் வருது. எருசலேம் சபைல கிரேக்கு பாஷை பேசுறவங்க, எங்க விதவைகளுக்கு தினசரி பந்தில சரியா கிடைக்கலைன்னு புலம்புறாங்க. அப்போஸ்தலர்கள் அவங்களை அடக்கல, நாங்களே பாத்துக்குறோம்னும் சொல்லல, நீங்களே நல்ல பேர் வாங்கின ஏழு பேரை தேர்ந்தெடுங்கன்னு சபைகிட்ட விட்டுட்டாங்க. வந்த பேரைப் பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பேரு. குறை சொன்ன பக்கத்துக்கே சாவியைக் குடுத்த மாதிரிதான் எனக்குத் தெரியுது. நம்ம கமிட்டிகள்ல குறை சொன்னவனை அடுத்த எலெக்‌ஷன்ல எப்படி கழட்டி விடலாம்னுதான் பாக்குறாங்க.

குணம் எப்படி இருக்கணும்னா 1 தீமோத்தேயு 3 ஒரு தடவை வாசிச்சாப் போதும். அதுல பாதிக்கு மேல குணமும் வீட்டு நடத்தையும்தான், திறமைன்னு பாத்தா போதிக்கத் தெரியணும்ங்கிறதைத் தவிர பெருசா இல்ல. புதுசா விசுவாசத்துக்கு வந்தவனைப் போடாதீங்க, வெளி ஆட்கள்கிட்டயும் நல்ல பேர் இருக்கணும்னும் இருக்கு, இந்த ரெண்டையும்தான் ஆள் கிடைக்கலைன்னு முதல்ல விட்டுடுறாங்க.

கடைசியா உங்க வயசு. உன் இளமையை ஒருத்தனும் அசட்டை பண்ண விடாதேன்னு பவுல் தன்னோட இளம் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதின அதே நிருபத்துல அடுத்த அதிகாரமே, பெரியவங்களை அதட்டாதே, தகப்பன்கிட்ட பேசுற மாதிரி புத்தி சொல்லுன்னு ஆரம்பிக்குது. அதனால சபைல மூப்பரா (மூத்த பொறுப்புல) இருக்கிற ஒருத்தர் சொன்னது தப்புன்னு தோணுச்சுன்னா மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னாடி ஆரம்பிக்காதீங்க, முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய் "ஐயா, இதுல எனக்கு ஒரு சந்தேகம்"னு விஷயத்தை வச்சிடுங்க. பல நேரம் மறுநாள் அவரே அதை எடுத்துப் பேசிடுவார், யார் யோசனைன்னு நீங்க கணக்கு பாக்க வேண்டாம். அப்படியும் கேக்கலைன்னா, பண விஷயமா இருந்தா மட்டும் மீட்டிங்ல எழுந்து பேசி மினிட்ஸ்ல எழுத வைங்க.