அமெரிக்காவின் அண்மைக்கால வரலாற்றில் நாட்டின் போக்கையே மாற்றிய நிகழ்வு என்று எதைச் சொல்வீர்கள்?

பெரும்பாலோர் 2001 செப்டம்பர் 11 தாக்குதலைத்தான் சொல்வார்கள். 2,977 பேரைப் பலிகொண்டு, ஆப்கானிஸ்தான், ஈராக் என இரண்டு நீண்ட போர்களுக்கு வழி திறந்த நாள் அது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை. ஆயினும் என்னைக் கேட்டால், அதற்குப் பத்து மாதங்கள் முன்பு, 2000 நவம்பர் 7 அன்று நடந்த அதிபர் தேர்தலையும், அதையொட்டி ஃபுளோரிடா மாநிலத்தில் 36 நாட்கள் நீடித்த வாக்கு எண்ணிக்கைத் தகராறையும் முதலில் வைப்பேன். பின்னாளில் அமெரிக்க அரசியலை ஆட்டிப்படைத்த பல கேள்விகள் முதன்முதலாக வெளிப்படையாக எழுந்தது அங்கேதான்.

தேர்தல் இரவிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. மாநிலத்தின் மேற்குக் கோடியில் வாக்குப்பதிவு முடிவதற்கு முன்பே தொலைக்காட்சிகள் ஃபுளோரிடாவை ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கொடுத்தன. இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பெற்றன. நள்ளிரவு தாண்டி இரண்டேகால் மணியளவில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ புஷ் வென்றதாக அறிவித்தன. விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன. இடையில் கோர், புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டு, நாஷ்வில் நகரில் காத்திருந்த ஆதரவாளர்களிடம் தோல்வியை அறிவிக்கப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தபோது வித்தியாசம் சுருங்குவதாகத் தகவல் வர, மீண்டும் அழைத்து வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் முதல் எண்ணிக்கையின்படி புஷ் 1,784 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவில் அதிபரை முடிவு செய்வது நாடு தழுவிய மொத்த வாக்கு அல்ல, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள்தான். ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகள் யாருக்குப் போகின்றனவோ அவரே அதிபர் என்ற நிலை.

இந்தியாவில் இருப்பதுபோல் நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அமெரிக்காவில் கிடையாது. ஃபுளோரிடாவின் 67 கவுன்டிகளும் (நம் மாவட்டங்களைப் போன்றவை) தத்தம் விருப்பப்படி வாக்குச் சீட்டை வடிவமைத்து, தத்தம் இயந்திரத்தில் எண்ணின. இவற்றுள் பாம் பீச் கவுன்டியில் நடந்தது தனியாகச் சொல்லத் தக்கது. அங்கே முதியவர்கள் அதிகம் என்பதால் எழுத்துகளைப் பெரிதாக அச்சிட விரும்பிய தேர்தல் அலுவலர், வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டு, நடுவில் துளையிடும் வரிசையை அமைத்தார். இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் கோர். ஆனால் நடுவிலிருந்த இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த பேட் புக்கானனுக்கு உரியது, கோருக்கு உரியது மூன்றாவது துளை. விளைவாக, கோரின் கட்சிக்குச் செல்வாக்கு மிகுந்த, யூத முதியவர்கள் நிறைந்த அந்தக் கவுன்டியில், தீவிர வலதுசாரியான புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தமக்கு விழுந்திருக்க வேண்டியவை அல்ல என்று புக்கானனே ஒப்புக்கொண்டார். இரண்டு துளைகள் இட்டதால் செல்லாமல் போன சீட்டுகள் 19 ஆயிரத்துக்கும் மேல். அந்த வடிவத்தை உருவாக்கிய அலுவலரும் அப்போது கோரின் கட்சியைச் சேர்ந்தவர்தான் என்பதால் இதில் சதி தேடுவது வீண்.

மற்ற இடங்களில் சிக்கல் வேறு விதமானது. துளையிடும் அட்டையில் காகிதத் துணுக்கு முழுதாக விழாமல் ஒரு மூலையில் தொங்கினால் இயந்திரம் அதை வாக்காக எடுத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட சீட்டுகளை அதிகாரிகள் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன. ஒரு கவுன்டியில் அழுத்தத் தடம் மட்டும் இருந்தாலே வாக்கு. இன்னொரு கவுன்டியில் துணுக்கு ஓரளவேனும் பிய்ந்திருக்க வேண்டும். முடிவைச் சான்றளிக்கும் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் கேத்ரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவர். மாநில ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. சட்டப்படி இவை எதுவும் தவறில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பளிப்பது. நவம்பர் 26 அன்று 537 வாக்குகள் வித்தியாசத்தில் புஷ் வென்றதாக ஹாரிஸ் சான்றளித்தார்.

டிசம்பர் 8 அன்று, இயந்திரம் விட்டுவிட்ட சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ணுமாறு ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அதற்குத் தடை விதித்தது. 12 ஆம் தேதி இரவு இறுதித் தீர்ப்பு வந்தது. கவுன்டிக்குக் கவுன்டி அளவுகோல் மாறுவது சமத்துவத்துக்கு எதிரானது என்பதில் ஏழு நீதிபதிகள் சிக்கலை ஒப்புக்கொண்டாலும், அதைச் சீர்செய்து எண்ணுவதற்கு இனி நேரமில்லை என்று முடிவுகட்டியவர்கள் ஐவர் மட்டுமே, அந்த ஐவரும் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். எண்ணிக்கையை நிறுத்திய நீதிமன்றமே மூன்று நாட்கள் கழித்து நேரம் போய்விட்டது என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. தீர்ப்பின் தர்க்கம் இந்த வழக்கின் சூழ்நிலைக்கு மட்டுமே பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது ஐயத்தை மேலும் வளர்த்தது.

இதில் இன்னொரு முரண் உண்டு. செல்லாதவை என ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 1,75,000 சீட்டுகளைப் பத்திரிகை நிறுவனங்கள் ஒன்றுகூடி ஆய்வு செய்து, 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டன. கோர் கேட்டுக்கொண்டபடி நான்கு கவுன்டிகளில் மட்டும் மறு எண்ணிக்கை நடந்திருந்தால் புஷ்தான் வென்றிருப்பார். மாநிலம் முழுவதும் அத்தனை சீட்டுகளையும் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் வென்றிருப்பார் என்பது அதன் சாரம். அப்போது உலக வர்த்தக மைய இடிபாடுகள் இன்னும் அகற்றப்பட்டுக்கொண்டிருந்தன. இந்தக் கணக்கைக் கேட்கும் மனநிலையில் நாடு இல்லை.

செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையமும் இந்தத் தேர்தலைத் தொட்டுச் செல்கிறது. 36 நாள் இழுபறியால் ஆட்சி மாற்றத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் காலம் பாதியாகச் சுருங்கி, புதிய அரசின் முக்கியப் பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்து செனட்டின் ஒப்புதல் பெறுவது தாமதமானது என்று அதன் அறிக்கை குறிப்பிடுகிறது. அதனால்தான் தாக்குதல் நடந்தது என்று ஆணையம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

என் பதிலின் மையம் வேறிடத்தில் இருக்கிறது. நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்த கோர், டிசம்பர் 13 அன்று, தீர்ப்புடன் தமக்கு உடன்பாடில்லை எனினும் அதை ஏற்பதாக அறிவித்தார். 2001 ஜனவரி 6 அன்று தேர்வாளர் வாக்குகளை எண்ணும் கூட்டுக் கூட்டத்துக்குத் துணை அதிபர் என்ற முறையில் தலைமை ஏற்றார். ஃபுளோரிடா முடிவை எதிர்த்துப் பிரதிநிதிகள் சபையின் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்தபோது, செனட்டர் ஒருவரின் கையெழுத்தும் இல்லாத எதிர்ப்பு விதிப்படி செல்லாது என்று, தமக்காகப் பேசியவர்களையே அவர் அமர்த்தினார். அன்று ஒரே ஒரு செனட்டர் கையெழுத்திட்டிருந்தால் இரு அவைகளும் பிரிந்து விவாதிக்க வேண்டியிருந்திருக்கும். நாட்டைக் காத்தது விதி அன்று, ஒரு மனிதரின் நடத்தை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததால், இந்த எண்ணிக்கைக்கு விதி வகுத்த 1887 ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்த ஓட்டையை, அதாவது சபை உறுப்பினர் ஒருவரும் செனட்டர் ஒருவரும் சேர்ந்தாலே எதிர்ப்பு எழுப்பிவிடலாம் என்பதை, எவரும் அடைக்கவில்லை. 2002 இல் வந்த சட்டம் துளை அட்டை இயந்திரங்களை மாற்றப் பணம் கொடுத்தது, ஆனால் இந்த ஓட்டையைத் தொடவில்லை.

சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரி 6 அன்று, அதே ஓட்டை வழியாகவே டொனால்ட் டிரம்ப்பின் ஆதரவாளர்கள் நுழைந்தார்கள். இம்முறை கையெழுத்திட செனட்டர்கள் இருந்தார்கள். வெளியே நாடாளுமன்றக் கட்டடத்தை உடைத்துப் புகுந்த கூட்டமும் இருந்தது. 2000 இல் இருந்த 537 வாக்கு நெருக்கம் இதில் இல்லை. ஜோ பைடன் 306-232 என்று தெளிவாக வென்றிருந்தார். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. எனினும், முடிவுக்குப் பிறகும் வழக்கறிஞர்களைக் கொண்டும், சான்றளிக்கும் அதிகாரிகளைக் கொண்டும் ஒரு தேர்தலைத் தொடர்ந்து நடத்த முடியும் என்ற பாடத்தை இரு கட்சிகளும் கற்றுக்கொண்ட இடம் ஃபுளோரிடாதான். அன்று புஷ் தரப்புக்குச் சட்ட உதவி செய்தவர்களில் ஜான் ராபர்ட்ஸ், பிரெட் கவனா, ஏமி கோனி பேரட் ஆகிய மூவரும் இன்று உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

2022 இல்தான் சட்டம் திருத்தப்பட்டது: எதிர்ப்புத் தெரிவிக்க இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும், துணை அதிபரின் பங்கு வெறும் சடங்கே. 2025 ஜனவரி 6 அன்று, அதிபர் தேர்தலில் தோற்றிருந்த துணை அதிபர் கமலா ஹாரிஸ் தம் தோல்வியைத் தாமே அறிவித்தபோது ஓர் எதிர்ப்பும் எழவில்லை. ஆனால் அன்று தோற்றது முடிவை ஏற்றுக்கொள்ளும் தரப்பு. புதிய சட்டம் தாங்குமா என்பது, ஏற்க மறுக்கும் ஒருவர் 537 போன்ற வித்தியாசத்தில் தோற்கும் நாளில்தான் தெரியும்.