சோனி ஜப்பான் கம்பெனிதானே, சார்?

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை உங்கள் பையனின் மேல்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க நீங்களும் தம்பியும் வந்தபோது வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றேன் அல்லவா, இதோ. தம்பியும் படிக்கட்டும். அவனுக்குத் தெரியாமல் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது எதுவும் இதில் இல்லை.

முதலில் அவசரமான விஷயம். ஜப்பானில் மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன் என்கிற அந்த ஏஜென்சிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் சீட் என்று ஏஜென்சிக்காரர் சொன்னதை நினைத்துப் பயப்பட வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தம்பியின் நோட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. முதல் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, பிளஸ் டூ, ஜப்பானிய மொழி, டோக்கியோ, பிளேஸ்டேஷன் என்று வரிசையாக எழுதியிருந்தான். அதற்குப் பிறகு பத்துப் பக்கம் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துகள், அச்சடித்த மாதிரி. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "சோனி ஜப்பான் கம்பெனிதானே, சார்? அப்போ இவன் அங்கே போனால்தானே வேலை?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

பிளேஸ்டேஷன், அதாவது டிவியில் இணைத்து விளையாடுகிற சோனியின் கேம் பெட்டி, பிறந்தது ஜப்பானில்தான். 1993இல் டோக்கியோவில் சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் என்று தனி நிறுவனமே தொடங்கினார்கள். கென் குத்தராகி என்ற பொறியாளரின் பிடிவாதத்தில் உருவான முதல் பெட்டி 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. அமெரிக்காக்காரர்களுக்கு அடுத்த வருடம் செப்டம்பரில்தான் கிடைத்தது. இரண்டாவது பெட்டியும் மூன்றாவது பெட்டியும் அப்படித்தான், ஜப்பானுக்கு முதல் பந்தி. நான்காவதில் பந்தி மாறிவிட்டது. பிஎஸ்4 அமெரிக்காவில் 2013 நவம்பர் 15 அன்று விற்பனைக்கு வந்தது, ஜப்பானில் 2014 பிப்ரவரி 22 அன்று. வீட்டுக்காரர் மூன்று மாதம் கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார். 2016 ஏப்ரலில் நிறுவனத்தின் பெயர் சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் ஆனது. தலைமையகம் கலிபோர்னியாவில் சான் மட்டேயோ என்ற ஊருக்குப் போனது.

இதையெல்லாம்விட, தம்பி பையிலிருந்து எடுத்துக் காட்டினானே அந்தக் கன்ட்ரோலர், அதிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது. அதில் வட்டம் போட்ட பட்டன் ஒன்று, இன்டு போட்ட பட்டன் ஒன்று. நம் ஊர் வாத்தியார் சரியான விடைக்கு டிக் போடுவார், தப்புக்கு இன்டு போடுவார். ஜப்பானிய வாத்தியார் சரி என்றால் சிவப்பில் வட்டம் போடுவார். அதனால் முதல் பிளேஸ்டேஷன் காலத்திலிருந்து ஜப்பானில் வட்டத்தை அழுத்தினால் 'சரி', இன்டுவை அழுத்தினால் 'வேண்டாம்'. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது தலைகீழ். இரண்டு வழக்கமும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2020 நவம்பரில் பிஎஸ்5 வந்தபோது உலகம் முழுக்க இன்டுதான் 'சரி' என்று ஆக்கிவிட்டார்கள், ஜப்பானிலும். பள்ளிக்கூடத்தில் தப்பு என்று படித்த குறியை ஒரு ஜப்பானியப் பையன் இப்போது சரி என்று அழுத்துகிறான். ஜப்பான் முக்கியம்தான் என்று நிறுவனத்தார் பேட்டிகளில் சொன்னார்கள். எனக்கென்னவோ பேட்டியைவிடப் பட்டன் உண்மை பேசுகிறது என்று தோன்றுகிறது.

அடுத்த வருடமே, 2021 ஏப்ரலில், ஜப்பான் ஸ்டுடியோ என்ற பழைய தயாரிப்புக் கூடத்தைக் கலைத்து, அதில் ஒரு பகுதியை மட்டும் டீம் அசோபி என்ற சின்னக் குழுவாக வைத்துக்கொண்டார்கள்.

ஏன் இப்படி என்று தம்பி கேட்டான். வெறும் வியாபாரம்தான். பிஎஸ்2 ஜப்பானில் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் விற்றது. பிஎஸ்5 உலகம் முழுக்க எட்டுக் கோடியைத் தாண்டிய 2025இல்கூட ஜப்பானில் ஒரு கோடியைத் தொடவில்லை. அதே ஜப்பானில் கியோட்டோக்காரர்களான நின்டெண்டோவின் ஸ்விட்ச் மூன்று கோடிக்கும் மேல். சின்ன வீடு, டிவி ஒன்று, தினம் ரயிலில் ஒரு மணி நேரம் என்று வாழ்கிறவர்களுக்குக் கையில் எடுத்துப் போகிற பெட்டிதான் வசதி. அதுவும் இல்லையென்றால் போன் இருக்கிறது. இன்னொரு பக்கம், பிளேஸ்டேஷனுக்கான பெரிய கேம்களின் செலவு மலை மாதிரி ஏறிவிட்டது. 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காகச் சோனி கொடுத்த ஆவணங்களில் அந்தத் தொகைகளைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அடித்தது சரியாக அடிபடவில்லை, உலகமே படித்துவிட்டது. இரண்டு கேம்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 20 கோடி டாலருக்கு மேல் செலவு. ஒன்றைச் செய்தவர்கள் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இருக்கிறார்கள், இன்னொன்றைச் செய்தவர்கள் ஆம்ஸ்டர்டாமில். அவ்வளவு பணத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமானால் எந்தச் சந்தை பெரியதோ அதன் ருசிக்குத்தான் சமைப்பார்கள்.

தம்பி கவனிக்க வேண்டியது இதைத்தான். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஜப்பானியப் பெயர். அதில் ஓடும் பெரிய கேம்களைச் செய்கிற வேலைகளில் நிறைய வேறு ஊர்களில் இருக்கிறது. அவன் நோட்டில் போட்டிருக்கும் அம்புக்குறி பழைய வரைபடத்தைப் பார்த்துப் போட்டது.

அதற்காக ஜப்பான் கதவு மூடிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நிறுவனத்தின் இப்போதைய தலைவர் ஹிதேயாக்கி நிஷினோ ஜப்பானியர்தான். 2025 நவம்பரில் ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் பிஎஸ்5 ஒன்றை 55,000 யென்னுக்கு அந்த ஊருக்கென்றே விட்டார்கள். யென் மதிப்பு சரிந்து, சாதாரண பிஎஸ்5 விலை 2024இலேயே 79,980 யென்னைத் தொட்டிருந்தது. விலகிப் போனவர்கள் திரும்பி வந்து கையைப் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. நின்டெண்டோவும் காப்காம் என்ற கேம் நிறுவனமும் எங்கேயும் போகவில்லை. கலைத்தது போக மிஞ்சிய அந்த டீம் அசோபி, அறுபது சொச்சம் பேரை வைத்துச் செய்த கேம் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது.

அந்தக் குழுவின் தலைவர் நிக்கோலா தூசே ஒரு பிரெஞ்சுக்காரர். லண்டனில் சோனியின் ஸ்டுடியோவில் வேலை பார்த்து, கேம் செய்யத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய பிறகுதான் டோக்கியோ போனார். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் வடிவமைப்புத் தலைமை ஏற்ற மார்க் செர்னி அமெரிக்கர். பதினேழு வயதில் அடாரி என்ற அமெரிக்க கேம் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஜப்பானில் சேகா நிறுவனத்தில் இருந்தவர், ஜப்பானிய மொழி சரளமாகப் பேசுவார். இரண்டு பேரும் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு போனவர்கள். பாஷையும் உதவியிருக்கும், அது வாஸ்தவம். ஆனால் பாஷையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் ஓட்டலில்தான் நின்றிருப்பார்கள்.

இங்கேதான் ஏஜென்சி விவகாரம் வருகிறது. ஜப்பானில் ஆள் பற்றாக்குறை என்று அவர் சொன்னது பொய் இல்லை. எதில் பற்றாக்குறை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். முதியோர் பராமரிப்பு, கட்டடம், விவசாயம், உணவகம், இவற்றுக்குத்தான் 2019 ஏப்ரலில் தனி விசாவே தொடங்கினார்கள். கௌரவமான வேலைகள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் நுழைந்து கேம் ஸ்டுடியோவுக்குள் போக முடியாது. அங்கே பொறியாளராகச் சேர வேறு விசா, அதற்குப் பொதுவாக ஒரு பட்டம் வேண்டும், அல்லது ஜப்பானிலேயே துறை சார்ந்த தொழிற்கல்லூரிப் படிப்பு வேண்டும். அந்தத் தொழிற்கல்லூரியில் சேரவே பெரும்பாலும் என்2 அளவு மொழி கேட்பார்கள், ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து படிகளில் மேலிருந்து இரண்டாவது அது. ஏஜென்சி சொல்வது மொழிப் பள்ளிக்கான மாணவர் விசா. அதில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்க அனுமதி. மொழிப் பள்ளிக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அதிலேயே சமாளித்துவிடலாம் என்று அவர் போட்டுக்கொடுத்த கணக்கை நான் நம்பமாட்டேன். உங்கள் நகையை அடகு வைத்துப் போகிற அளவுக்கு அது நல்ல வழி இல்லை.

சரி, என்னதான் செய்வது?

தம்பி கணினி அறிவியல் குரூப், கணக்கில் நல்ல மார்க். பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ எடுக்கட்டும். 'கேம் டிசைன்' என்று பெயர் போட்ட புதுப் படிப்புகளுக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். அவற்றில் சில நன்றாகவே இருக்கலாம். ஆனால் நான்கு வருடம் கழித்து கேம் வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பட்டத்தை வேறு எங்கே காட்டுவது? பி.இ. இருந்தால் பத்து வாசல் தட்டலாம். அவனுக்கு ஓவியக் கையும் இருக்கிறது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். பி.இ. முடித்த பிறகு தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வெக்டர் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதே. கேமில் ஒரு காவலாளி நிற்கிறான். அவன் பார்க்கிற திசை ஒரு வெக்டர். அவனிடமிருந்து உன் ஆள் நிற்கிற இடத்துக்குக் கோடு போட்டால் அது இன்னொரு வெக்டர். இரண்டின் புள்ளிப் பெருக்கம் மிகை எண்ணாக வந்தால் நீ அவன் முன்னால் நிற்கிறாய், குறை எண்ணாக வந்தால் அவன் முதுகுக்குப் பின்னால். காவலாளி உன்னைப் பார்த்துவிட்டானா இல்லையா என்பது அந்த ஐந்து மார்க் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. அணிகள் பாடமும் அப்படித்தான், கேமரா திரும்பும்போதெல்லாம் உள்ளே ஒரு அணிப் பெருக்கல் நடக்கிறது. சி++ என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள். கேம் செய்கிற மென்பொருள்களான அன்ரியல், யூனிட்டி இரண்டில் ஏதாவது ஒன்றைத் தொடங்கு. இரண்டும் கற்கிறவர்களுக்கு இலவசம்.

ஜப்பானிய மொழியை விட்டுவிடச் சொல்லவில்லை. இவ்வளவு அழகாக எழுதுகிறவனை யார் தடுப்பார்கள்? வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு மாதிரி பின்னால் ஒட்டுவது எல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எளிதாகவே வருகிறது. சீனாவிலிருந்து வந்த 'கஞ்சி' என்ற எழுத்துகள்தான் கஷ்டம். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அவர்கள் அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். ஜேஎல்பிடி என்ற அந்த மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. அங்கேயே ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் வகுப்பும் உண்டு. பொதுத்தேர்வு முடிந்த பிறகு கடைசிப் படியான என்5இல் தொடங்கி, காலேஜ் முடிப்பதற்குள் என்3 வந்தாலே பெரிய விஷயம். இளங்கலைக்கே ஜப்பான் போக வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றால், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கட்டும். கட்டணம் கிடையாது, விமானச் செலவும் அவர்களுடையது, முதல் வருடம் மொழியும் சொல்லிக்கொடுப்பார்கள். போட்டி கடுமை. கிடைத்தால் யோகம், கிடைக்காவிட்டால் ஒரு பைசா நஷ்டமில்லை.

இந்தத் துறையில் நிரந்தரம் கிடையாது என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் சோனியின் கேம் பிரிவு உலகம் முழுக்க சுமார் 900 பேரை ஒரே அறிவிப்பில் நீக்கியது. தூசே வேலை கற்ற அந்த லண்டன் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். கேம் வேலை என்றால் கம்பெனி மாறும், ஊர் மாறும். அதற்கு மனசு இருக்கிறதா என்று தம்பி யோசிக்க வேண்டும். நீங்களும்தான்.

வேலைக்கு முதலில் கப்பல் ஏறியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ராக்ஸ்டார் பெங்களூரில் இருக்கிறது, யூபிசாஃப்ட் புனேயில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்தில். சோனிக்கே பெங்களூரில் மென்பொருள் மையம் உண்டு. 2023இல் இந்தியாவில் கேம் செய்கிற சின்னக் குழுக்களுக்குக் கைகொடுக்க 'இந்தியா ஹீரோ புராஜெக்ட்' என்று பிளேஸ்டேஷன்காரர்களே ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டை விட்டு வெளியே பார்க்கத் தொடங்கியதில் நம் பக்கம் விழுந்த வெளிச்சம் அது.

பொதுத்தேர்வு முடிந்ததும் அவனுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். "எப்பப் பார்த்தாலும் கேம்" என்று திட்டாதீர்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவன் விளையாடக் கூடாது, செய்ய வேண்டும். ஒரு அறை, ஒரு கதவு, ஒரு காவலாளி, அவ்வளவு போதும். பாதியில் விட்டுவிட்டால் அதுவும் நமக்கு ஒரு தகவல்தான், கோபப்பட வேண்டாம். முடித்துவிட்டால் லேப்டாப்போடு ஜூன் முதல் வாரம் கூட்டி வாருங்கள், கலந்தாய்வுக்குக் கல்லூரி வரிசையை அன்று உட்கார்ந்து போடுவோம். கன்ட்ரோலரையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். 'சரி' என்பதற்கு அவன் எந்தப் பட்டனை வைத்திருக்கிறான் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.