கொல்லைக் குட்டையில் தண்ணீர் நிற்கவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை இருக்கிறது. அல்லி பூக்கும் சிறு குட்டை ஒன்று வேண்டும் என்ற ஆசையில் 15 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழத்துக்குக் குழி வெட்டினோம். ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர் ஒரே வாரத்தில் காணாமல் போய்விட்டது. மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே சரளை. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். கரையில் என்ன நடலாம், வாத்து விடலாமா, கொசு வருமா என்பதையும் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான்.

பதில்: நீங்கள் வெட்டிய குழியை மூட வேண்டாம், அதில் சிமெண்ட் பூசவும் வேண்டாம். தண்ணீர் நிற்பதற்கு ஒரு குழி, தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதற்கு ஒரு குழி என்று இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டாவது வேலையை உங்கள் குழி மிக நன்றாகவே செய்திருக்கிறது. அதை அப்படியே மழைநீர் இறங்கும் குழியாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் சற்று மேடான இடத்தில் குட்டையைப் புதிதாக வெட்டி, அது நிரம்பி வழியும் தண்ணீரைப் பழைய குழிக்குத் திருப்பிவிடுவதே என் யோசனை. அருகில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் அதற்கும் இது நல்லது.

சரளையில் தண்ணீர் நிற்காததற்குக் காரணம், மணிகளுக்கு இடையில் உள்ள துளைகளை அடைக்க நுண்ணிய களிமண் இல்லாததுதான். நம் பழைய ஊருணிகளிலும் கண்மாய்களிலும் ஆண்டுக்கணக்கில் படிந்த வண்டலே அடித்தளத்தை அடைத்துத் தண்ணீரைத் தாங்குகிறது. ஆழப்படுத்துகிறோம் என்று அந்த வண்டலைச் சரளை தெரியும்வரை வழித்தெடுத்த குளங்களில் தண்ணீர் முன்னைவிட விரைவாக வற்றிவிடுவதும் இதனால்தான். மண்ணின் தன்மையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஈர மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி மோதிரம்போல் வளையுங்கள்; விரிசல் விடாமல் வளைந்தால் அது குட்டைக்கு ஏற்ற களிமண், உதிர்ந்தால் தாங்காது.

புதிய குட்டையின் அளவை வெயிலைக் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும். பனிக்காலத்தில் குறைவாகவும் கோடையில் கூடுதலாகவும் ஆவியாகும் நீர், சராசரியாக நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று கொண்டால்கூட, தை முதல் வைகாசி வரை 150 நாட்களில் 750 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி போய்விடும். ஆகவே 3 அடி ஆழம் போதாது. நடுவில் 4 அடி வேண்டும். மேற்புறம் 30 அடிக்கு 20 அடி, ஓர் அடி ஆழத்தில் சுற்றிலும் இரண்டடி அகலப் படி, அதற்கு மேலும் கீழும் ஓர் அடி இறக்கத்துக்கு ஒன்றரை அடி சரிவு என்று வெட்டினால் ஏறக்குறைய 29,000 லிட்டர் கொள்ளும். இதை நிரப்ப வீட்டுக் கூரையே பெரும்பங்கு உதவும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை 2,300 லிட்டர் தரும். குட்டையின் மேல் நேராக விழும் மழை 1,400 லிட்டர். வீணாவதையும் சேர்த்தால் ஒன்பது பத்து அங்குல மழையில் குட்டை நிரம்பிவிடும். உங்கள் பகுதியில் நல்ல ஐப்பசி, கார்த்திகையில் இது நடக்கக்கூடியதே. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 15 அடியாவது தள்ளியும், செப்டிக் டேங்க் பக்கமிருந்து நீர் வழிந்து வராத இடத்திலும் வெட்டுங்கள்.

அடுத்தது, எதைக் கொண்டு தடுப்பது என்பது. மண் சரிவின் மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு, கீழே மண் இறுகி அசையும்போது விரிசல் விட்டுவிடும். கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால்தான் நிற்கும், அதற்குச் செலவு அதிகம். களிமண்தான் எனக்கு மிகவும் பிடித்த முறை: அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, நாற்றங்காலுக்குச் சேறு மிதிப்பதுபோல் மிதித்து, ஓர் அடி கனம் வரும்வரை இறுக்க வேண்டும். ஆனால் காய்ந்த களிமண் வெடித்துவிடும். பங்குனியில் உங்கள் குட்டையின் சரிவுகள் வெளியே தெரியத் தொடங்கும்போது அவை வெடித்து, அடுத்த மழைத் தண்ணீரை ஒழுகவிடும். எனவே உங்களுக்கு, பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் கனமுள்ள ஹெச்.டி.பி.இ. என்னும் உறுதியான பிளாஸ்டிக் ஷீட்டையே பரிந்துரைக்கிறேன். 40 அடிக்கு 30 அடி அளவில், ஒட்டு அனைத்தையும் கடையிலேயே போட்டு ஒரே துண்டாக வாங்குங்கள்.

ஷீட் போடும் முன் வேர், கூர்ங்கல் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிவிட்டு, சலித்த மணலை இரண்டங்குலம் பரப்ப வேண்டும். இந்த வேலையில் காட்டும் பொறுமைதான் ஷீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. காலை வெயில் ஏறுமுன், இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாக விரியுங்கள். ஓரத்தை, கரையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வெட்டிய ஓரடிப் பள்ளத்தில் இறக்கி மண்ணால் மூடி இறுக்குங்கள். வெயில் நேராகப் படும் ஷீட் விரைவில் நொறுங்கும். ஆகையால் படியில் மண் பரப்பி, சரிவில் மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, விளிம்பில் மழுங்கிய கற்களைப் பதியுங்கள். அப்போது குட்டை பிளாஸ்டிக் தொட்டியாகத் தெரியாது. கூரைத் தண்ணீர் நுழையுமிடத்தில் மண்டி தங்க ஒரு சிறு தொட்டியும், எதிர்ப்பக்கம் கரையைவிடச் சற்றே தாழ்வாகக் கல் பாவிய கலிங்கும், அதாவது மிகுநீர் வழியும் வாயும், வையுங்கள். அந்தக் கலிங்கின் வாய் பழைய குழியைப் பார்த்திருக்கட்டும்.

நடுவதைப் பொறுத்தவரை, படியில் வசம்பு, வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி எல்லாம் தாமாகப் பரவும். அல்லியைத் தொட்டியில் வைத்து இறக்கலாம். தாமரையைத் தொட்டியில் அன்றி நேராக நடாதீர்கள். அதன் கிழங்கு குட்டை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சம்பு என்னும் நீர்க்கோரையும் அப்படியே. வெங்காயத் தாமரை அழகாக இருக்கிறது என்று யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வெளிக்கரையில் மண் பிடிக்க வெட்டிவேரும் அருகம்புல்லும் போதும். மூங்கிலும் பெருமரங்களும் வேரால் ஷீட்டைத் துளைக்கும், இலையுதிர்ந்து தண்ணீரையும் கெடுக்கும். பிற்பகல் வெயிலை மறைக்க மேற்கே 20 அடி தள்ளி ஒரு புங்கன் வைக்கலாம். வாத்து வேண்டாம் என்பதே என் கருத்து: இவ்வளவு சிறிய நீரில் இரண்டு வாத்துகளின் எச்சமே தண்ணீரைப் பச்சையாக்கிவிடும், கரைச்செடிகளையும் அவை விட்டுவைக்காது. முதல் சில வாரங்களில் தண்ணீர் தானாகவே பச்சையாகும். அல்லி இலை பாதிப் பரப்பை மூடியதும் தெளிந்துவிடும், மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.

மீனும் தும்பியின் புழுக்களும் உள்ள குட்டையில் கொசு பெருகுவது அரிது. வாய்க்காலில் பிடித்த உள்ளூர்ச் சிறுமீன்கள் முப்பது போதும். கொசுப்புழுவை ஒழிக்க விடும் கம்பூசியா மீன் தவளைக் குஞ்சுகளையும் தின்னும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். கொசு உண்மையில் வளரக்கூடிய இடம் அந்த மண்டித் தொட்டிதான். முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை அதை வடித்துவிடுங்கள்.

பேரனைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் கடைசியாகச் சொல்வது, அது உங்கள் மனத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே. பாசி பிடித்த ஷீட்டில் வழுக்கி விழும் பெரியவர்களாலும் ஏறி வர முடிவதில்லை. குழந்தைக்கோ ஓர் அடித் தண்ணீரே ஆபத்து. இரண்டடிப் படி ஓரளவு காக்கும், முழுமையாக அல்ல. முடிச்சுப் போட்ட தடித்த கயிறு இரண்டை எதிரெதிர்க் கரைகளில் முளையடித்துக் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். சுற்றிலும் நான்கடி உயரக் கம்பிவேலியும், குழந்தையின் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் வைத்த கதவும் வேண்டும்; வேலியோரம் ஆடு கடிக்காத ஆடாதொடையையும் நொச்சியையும் நட்டால் கம்பி மறைந்துவிடும். செடி வளரும்வரை காத்திராமல், மண் வெட்டத் தொடங்கும் வாரத்திலேயே இந்த வேலியைப் போட்டுவிடுங்கள்.