தர்மன் மன்சன் ஏன் இன்னும் வெளியே நிற்கிறார்? – கேள்வி பதில்

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான அமெரிக்க கௌரவ மண்டபம்) இடம் கிடைக்காத கேட்சர்களில் யாருக்கு முதலில் கதவைத் திறக்கலாம் என்று ஒருவர் கேட்டார். யோசிக்காமல் 'தர்மன் மன்சன்' என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும், நான் அவர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரசிகன் இல்லை. அவர்கள் தோற்ற அன்றைக்கு எனக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாகவே இறங்கும்.

கேள்வி: அண்ணா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் தானே? இந்த மன்சன் யார்?

பாதி சரி. வேகப்பந்துக்கு விக்கெட் கீப்பர் பத்து இருபது கெஜம் பின்னால் போய் நிற்பார். கேட்சருக்கு அந்த வசதி கிடையாது. மட்டைக்குப் பின்னால் கை நீட்டும் தூரத்தில் குந்தி உட்கார வேண்டும். 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை அங்கேயே வாங்க வேண்டும். எந்தப் பந்தைப் போடலாம் என்று பந்து வீசும் பிட்ச்சருக்கு விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். ஓட்டக்காரன் பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த நிலையான இரண்டாவது பேஸுக்கு ஓடினால் (இதைத் 'திருட்டு' என்பார்கள்), குந்திய நிலையிலிருந்து எழுந்து 127 அடி தூரம் எறிய வேண்டும். மன்சன் காலத்தில் இன்னொன்றும் உண்டு: ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டுக்கு ஓடி வருகிறவன் கேட்சர் மேல் லாரி மாதிரி மோதலாம், விதி அதை அனுமதித்தது. முப்பது வயதுக்குள் முட்டி போய்விடும், தோள் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே வரப்போகும் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மன்சன் 1947 ஜூன் 7 அன்று ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் பிறந்து, பக்கத்து ஊர் கேன்டனில் வளர்ந்தவர். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 1968 டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) நான்காவது ஆளாக யாங்கீஸ் எடுத்தார்கள். 1970இல் அமெரிக்கன் லீக்கின் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) சிறந்த புதுமுகம், 1976இல் அதே லீக்கின் எம்விபி, அதாவது மிக மதிப்புள்ள ஆட்டக்காரர். அந்த வருடமே அணித் தலைவரும் ஆனார். பழைய யாங்கீஸ் நட்சத்திரம் லூ கெரிக்குக்குப் பிறகு அந்தப் பட்டம் யாருக்கும் தரப்படாமல் கிடந்தது. 1977, 1978 இரண்டு வருடமும் சாம்பியன். 1979 ஆகஸ்ட் 2, விடுமுறை நாளில் தன் சொந்த ஜெட் விமானத்தை ஆக்ரன்-கேன்டன் விமான நிலையத்தில் இறக்கிப் பழகிக்கொண்டிருந்தார். ஓடுபாதைக்கு முன்பே விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. கூட இருந்த இருவர் பிழைத்தார்கள், மன்சன் பிழைக்கவில்லை. வயது 32.

கேள்வி: 1558 ஹிட், 113 ஹோம் ரன். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஹால் ஆஃப் ஃபேமா? கொஞ்சம் ஓவராக இல்லை?

நியாயமான கேள்வி. ஹிட் என்றால் பந்தை அடித்துப் பேஸை அடைவது, ஹோம் ரன் என்றால் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே அடிப்பது. 113 ஹோம் ரன் என்று மட்டும் பார்த்தால் நானும் தாளைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் ஜானி பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றின் தலைசிறந்த கேட்சர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரும் 1947இல் பிறந்தவர், டிசம்பரில். இன்னொரு பெரிய கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்கும் அதே டிசம்பர்தான். மூன்று பேரும் ஆறேழு மாத இடைவெளியில் பிறந்திருக்கிறார்கள், வேடிக்கையாக இல்லையா? அந்தப் பெஞ்ச் 1980க்குப் பிறகு ஆடிய மூன்று வருடங்களில் கேட்சராகக் குந்தியது மொத்தமே பதின்மூன்று ஆட்டங்கள். மற்ற நேரமெல்லாம் முதல் பேஸ், மூன்றாவது பேஸ். அவர் முட்டியும் அவ்வளவுதான் தாங்கியது.

அதனால் 'இன்னும் பத்து வருடம் ஆடியிருந்தால்' என்று நான் வாதாடவே போவதில்லை. ஆடியிருக்கவும் மாட்டார், 1979இல் தோளும் முட்டியும் ஏற்கெனவே கெட்டிருந்தன. நான் சொல்வது வேறு. பதினோரு சீசன் என்பது அந்தக் காலத்துக் கேட்சருக்கு ஏறக்குறைய முழு உழைப்புக் காலம். ஃபிஸ்க் மாதிரி 24 சீசன் ஆடியவர் விதிவிலக்கு, அவரை அளவுகோலாக வைத்தால் பாதிப் பேர் தேற மாட்டார்கள். பாதியில் அறுந்த வாழ்க்கை என்று பரிதாபப்பட வேண்டாம். செய்து முடித்த வேலையை மட்டும் எடை போடுங்கள், போதும்.

கேள்வி: புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் 'வார்' என்று ஒன்று சொல்கிறார்களே, அதில் மன்சன் எங்கே?

வார் என்றால் போர் இல்லை, பயப்படாதீர்கள். சுமாரான மாற்று ஆட்டக்காரர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் வெற்றிகளைவிட, இவரால் எத்தனை வெற்றி கூடுதல் என்ற கணக்கு. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில் மன்சனுக்கு 46.1. பஸ்டர் போஸிக்கு அதே கணக்கில் 44.8.

போஸி இந்தத் தலைமுறைக்குத் தெரிந்த முகம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், மூன்று முறை சாம்பியன். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் சிறந்த புதுமுகம், இருவரும் எம்விபி, இருவருக்கும் ஏழு ஆல்-ஸ்டார் (வருடத்தின் நட்சத்திர அணி) தேர்வு. மன்சன் ஆடியது 1423 ஆட்டம், போஸி 1371. ஹிட் 1558க்கு 1500. தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருது மன்சனிடம் மூன்று, போஸியிடம் ஒன்று. மட்டையில் போஸி ஒரு படி மேல், அதை மறைக்க முடியாது, .302 சராசரி (வாய்ப்புக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம்), 158 ஹோம் ரன். ஆனால் போஸி 2027 வாக்குச்சீட்டில் முதன்முதலாகத் தகுதி பெறுகிறார் என்றவுடன் 'அவருக்கு நிச்சயம் உண்டு' என்று பலரும் பேசுகிறார்கள். நானும் ஆமாம் என்பேன். போஸிக்கு அகலமாகத் திறக்கிற கதவு மன்சனுக்கு மட்டும் ஏன் சாத்தியே கிடக்கிறது?

கேள்வி: செத்துப்போனதால் வந்த அனுதாபம்தான் இதெல்லாம். உயிரோடு இருந்திருந்தால் யார் பேசியிருப்பார்கள்?

அனுதாப ஓட்டு விழுந்திருந்தால் 1981இலேயே உள்ளே போயிருப்பார். அந்த வருடம்தான் அவர் பெயர் முதலில் வாக்குச்சீட்டில் வந்தது. 401 பேர் ஓட்டுப் போட்டார்கள், 62 பேர் அவர் பெயரைக் குறித்தார்கள். 15.5 சதவீதம், தேவையோ 75. அதற்கு அடுத்து வந்த பதினான்கு வருடங்களில் ஒரு தடவைகூட பத்து சதவீதத்தைத் தொடவில்லை. 1995இல் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஓட்டைப் போடுகிறவர்கள் பேஸ்பால் எழுத்தாளர்கள். மன்சன் அவர்களிடம் சிரித்துப் பேசியவர் இல்லை. கேள்வி கேட்டால் முறைப்பார், பல நாள் பதிலே வராது. அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முக்கியக் காரணம் அதைவிடச் சாதாரணம்: அந்தக் காலத்தில் எண்ணிக்கைதான் பேசும். 300 ஹோம் ரன் உண்டா, 2000 ஹிட் உண்டா, இல்லையென்றால் அடுத்த பெயர். கேட்சர் என்ற வேலைக்குத் தனித் தராசு யாரிடமும் இல்லை.

கேள்வி: ராபர்ட்டோ கிளெமென்டேவும் விமான விபத்தில்தானே போனார்? அவருக்கு உடனே கொடுத்தார்களே?

அவர் கணக்கு வேறு. 18 சீசன், சரியாக 3000 ஹிட், 12 கோல்ட் க்ளவ். நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போகும்போது, 1972 கடைசி நாளில் இறந்தார். ஐந்து வருடக் காத்திருப்பைத் தள்ளிவைத்துச் சிறப்புத் தேர்தல் நடத்தினார்கள். விபத்து நடக்காவிட்டாலும் அவர் உள்ளே போயிருப்பார். மன்சனை அவரோடு ஒப்பிடுவது மன்சனுக்கே கெடுதல்.

கேள்வி: பெரிய ஆட்டங்களில் எப்படி?

இதற்குத்தான் காத்திருந்தேன்!

சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பட்டத்துக்கான ஆட்டங்களில் மொத்தம் 30 ஆடினார். சராசரி .357. சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை மட்டும் எடுத்தால் 67 வாய்ப்பில் 25 ஹிட், .373. வழக்கமான சீசனில் அவர் சராசரி .292. சாதாரண நாளைவிடப் பெரிய நாளில் இவ்வளவு கூட ஆடியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1976 உலகத் தொடரில் சின்சினாட்டி ரெட்ஸ் நான்குக்கு நான்கு என்று யாங்கீஸைத் துடைத்துவிட்டார்கள். தோற்ற அணியில் மன்சன் 17 வாய்ப்பில் 9 ஹிட், .529. எதிரணிக் கேட்சர் பெஞ்ச் .533. முடிந்ததும் ரெட்ஸ் மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன், பெஞ்சோடு யாரையும் ஒப்பிட்டு அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற மாதிரி செய்தியாளர்களிடம் பேசினார். மன்சன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா அடித்தும் தோற்றுப்போய் வந்து நிற்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதைவிட எனக்குப் பிடித்தது 1978 அக்டோபர் 6. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம், எதிரணி கான்சாஸ் சிட்டி ராயல்ஸ். அவர்களுடைய ஜார்ஜ் பிரெட் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்திருக்கிறார். எட்டாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் 5-4 என முன்னிலை. ஒரு ஆள் பேஸில் இருக்க, மன்சன் வருகிறார். அந்த வருடம் முழுக்க அவர் அடித்தது ஆறே ஹோம் ரன், தோள் அப்படி. பந்து போட்டவர் டக் பர்ட். அடித்த அடி, 430 அடி என்று எழுதியிருந்த இடது-மையப் பக்கம் போய் விழுந்தது. 6-5. மறுநாள் தொடரே முடிந்தது.

கேள்வி: கோல்ட் க்ளவ் வாங்கிய வருடங்களில் நிறையப் பிழை செய்தார் என்று படித்தேன். அப்புறம் எப்படிச் சிறந்த கேட்சர்?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1974, 1975 இரண்டு வருடமும் இருபதுக்கு மேல் பிழை. எறியும் கையில் வலி, பக்கவாட்டில் வீசுவார், பந்து எங்கேயோ போகும். அந்த இரண்டு விருதும் பழைய பெயருக்காகக் கிடைத்தவை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் உடம்பு நன்றாக இருந்தபோது எப்படி என்று தெரிய 1971ஐப் பார்க்க வேண்டும். திருட ஓடியவர்களில் 61 சதவீதம் பேரைப் பிடித்துக் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க அவர் பெயரில் எழுதப்பட்ட பிழை ஒன்றே ஒன்று. அதுவும் எப்படித் தெரியுமா? பால்டிமோர் அணியின் ஆண்டி எட்செபேரன் ஹோம் பிளேட்டில் வந்து மோதினார். மன்சன் நினைவு தப்பி விழுந்தார், கையிலிருந்து பந்து உருண்டது. அதற்கும் ஒரு பிழை எழுதினார்கள்.

கேள்வி: ஃபிஸ்க்கோடு அவ்வளவு பகையா?

பகைதான். 1973 ஆகஸ்ட் 1, பாஸ்டனில் ஹோம் பிளேட் மோதலில் கட்டிப் புரண்டு குத்துவிட்டார்கள். ஃபிஸ்கிடம் தன்னைவிட 'அசிஸ்ட்' (எதிராளியை வெளியேற்ற உதவும் எறிதல்) கூடுதல் என்று கேள்விப்பட்டு, மன்சன் வேண்டுமென்றே மூன்றாவது ஸ்ட்ரைக் பந்துகளைத் தவறவிட்டு, எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து கணக்கை ஏற்றினார் என்றொரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அவர் குணத்துக்குப் பொருந்துகிறது.

கேள்வி: இனிமேல் வழி இருக்கிறதா? இல்லை, சும்மா பேசிக்கொண்டிருக்கிறோமா?

வழி இருக்கிறது, ஆனால் குறுகல். எழுத்தாளர்கள் கதவு மூடியாயிற்று. மிச்சம் இருப்பது காலகட்டக் குழு. 1980க்கு முந்தைய ஆட்டக்காரர்களை 16 பேர் கொண்ட குழு பார்க்கும், 12 ஓட்டு வேண்டும். அடுத்து 2027 டிசம்பரில் கூட வேண்டும். முதலில் எட்டுப் பேர் பட்டியலில் பெயர் வர வேண்டும், 2024 டிசம்பர் பட்டியலில் வரவில்லை. அதற்கு முன் 2019 டிசம்பரில் வேறொரு குழுவின் பட்டியலில் வந்தார், கிடைத்தது மூன்றோ அதற்கும் குறைவோ. இப்போது புது விதி வேறு: ஐந்து ஓட்டுக்குக் கீழே போனால் அடுத்த சுற்றில் பெயரே வராது.

ஆனால் அதே 2019 கூட்டத்தில் உள்ளே போனவர் யார் தெரியுமா? டெட் சிம்மன்ஸ். அவரும் கேட்சர், அதே எழுபதுகள். 1994இல் எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுத்தது 3.7 சதவீதம், ஒரே வருடத்தில் வெளியே தள்ளினார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து, புதுக் கணக்குகளைப் பார்த்துக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அதனால் பேசுவது வீண் இல்லை.

கேள்வி: அவர் இறந்த மறுநாள் யாங்கீஸ் ஆடினார்களா?

ஆடினார்கள். ஆகஸ்ட் 3 இரவு, எட்டுப் பேர் மைதானத்தில் இறங்கி அவரவர் இடத்தில் நின்றார்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. அன்றைக்கு ஆட வேண்டிய கேட்சர் ஜெர்ரி நேரன் உள்ளேயே நின்றார். பெரிய திரையில் மன்சன் முகம். கூட்டம் எழுந்து கைதட்ட ஆரம்பித்தது, பல நிமிடங்கள் நிற்கவே இல்லை. அவர் லாக்கரை அப்புறம் யாருக்கும் தரவில்லை. பழைய மைதானம் 2008இல் மூடும்வரை காலியாகவே இருந்தது, இப்போது புது மைதானத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இது ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாதம் இல்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

கேள்வி: நான் டெட்ராய்ட் பக்கம். எங்கள் பில் ஃப்ரீஹனை விட்டுவிட்டு மன்சனா?

வந்துவிட்டீர்களா! ஃப்ரீஹனுக்குப் பதினோரு ஆல்-ஸ்டார், ஐந்து கோல்ட் க்ளவ், 1968 சாம்பியன். 1982இல் அவருக்கு விழுந்தது இரண்டே ஓட்டு. அது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். என் கையில் ஒரே ஓட்டு இருந்தால் மன்சனுக்கு, உச்சத்தில் அவர் மட்டை பலமானது, அக்டோபரும் இருக்கிறது. இரண்டு ஓட்டு இருந்தால் இரண்டாவது உங்களுக்குத்தான்.