பின் சில்லுக்கு டிரம் பிரேக் போதுமா, டிஸ்க் உள்ள காராகப் பார்த்து வாங்க வேண்டுமா?

நான் இருப்பது திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. டிஸ்க் என்றால் சில்லோடு சுழல்கிற தட்டை இரண்டு பக்கமும் பேட் நெரித்துப் பிடிப்பது, டிரம் என்றால் சில்லோடு சுழல்கிற சட்டிக்குள் ஷூ விரிந்து உரசிப் பிடிப்பது. இரண்டு வகையையும் வைத்து ஓட்டியிருக்கிறேன். சின்னக் கார், அதுவும் கரையோர ஊரில் ஓடப்போகிற கார் என்றால், பின்னால் டிரம் இருப்பதை ஒரு குறையாகவே நான் எடுக்கமாட்டேன்.

பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்னுக்குச் சாய்கிறது, மூக்கு இறங்குவது இருக்கையில் இருந்தே தெரியும். அந்த நேரம் காரைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான். பாரம் குறைந்த பின் சில்லை அளவுக்கு மீறிப் பிடித்தால் அது பூட்டிக்கொண்டு வால் சுழன்றுவிடும். வாகன்ஆர், அக்வா மாதிரிக் கார்களுக்கு முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் போட்டிருப்பது காசு மிச்சம் பிடிக்க மட்டுமல்ல (அதுவும் உண்டுதான்).

என் பழைய காரில் நாலு சில்லுக்கும் டிஸ்க். 2020 ஊரடங்கில் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றது. பிறகு எடுத்து ஓட்ட, கொஞ்ச நாளில் பின்னால் இரும்பை இரும்பு உரசுகிற சத்தம். கராஜில் கழற்றிப் பார்த்தால், பேட்களை டிஸ்க்கில் நெரிக்கிற காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய இரும்புக் கம்பி (பின், pin) உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போய், உள்பக்க பேட் தகடு தெரியத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்க பேட் கிட்டத்தட்டப் புதுசு! டிஸ்க்கையும் சேர்த்தே மாற்ற வேண்டி வந்தது. டிரம் மூடி போட்ட சட்டி மாதிரி, இந்தக் காற்று அவ்வளவாக உள்ளே போகாது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 என்ற மின்சாரக் கார்களுக்கே பின்னால் டிரம்தான். வேகத்தைக் குறைக்கிற வேலையை அதில் மோட்டாரே பெரும்பாலும் பார்த்துவிடும், சும்மா கிடக்கிற டிஸ்க் துருப்பிடிக்கும்.

சரி, டிரம்முக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. மாரி மழையில் வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியேறாது, மெதுவாக ஓடிக்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று தரம் அழுத்திக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் படுத்தால் காலையில் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கும், கார் அசையும்போது 'டக்' என்று விடும். சூடும் சீக்கிரம் இறங்காது, சூடேறினால் பிடி குறையும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் யானை குறுக்கே வந்து ஒரு தரம் பலமாக மிதிப்பதில் டிரம்மால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நுவரெலியாவில் இருந்து ரம்பொடைப் பக்கமாக ஆள் நிரம்பிய காரோடு இறங்குவது வேறு கதை, அங்கே கியரைக் குறைத்து இஞ்சினாலேயே பிடித்து இறங்குங்கள், டிஸ்க் இருந்தாலும்தான். மலைநாட்டுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் டிஸ்க் உள்ளதையே பாருங்கள்.

டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடுகிற வால்வு என்று ஒவ்வொன்றாக இழுக்கும், கணக்குப் பிசகினால் முதலில் சொன்ன வால் சுழற்சிதான்.

வாங்க முன்பு பின் டிரம்மைக் கழற்றச் சொல்லி, ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே பிரேக் ஒயில் தேங்கி நின்றால் சிலிண்டர் கசிகிறது, அதற்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.