பிரதமரின் முதன்மைச் செயலாளர் ஆக எந்தப் படிப்பு?

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் பிரதமரின் முதன்மைச் செயலாளர் ஆக ஆசைப்படுகிறாள், எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய ஆசை, தடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பதவிக்கென்று பட்டமோ தேர்வோ கிடையாது. நீண்ட காலம் அரசுப் பணியில் இருந்தவர்களிலிருந்து பிரதமர் தாம் நம்பும் ஒருவரை எடுத்துக்கொள்கிறார். பிரதமர் மாறினால் அவரும் போய்விடுவார்.

2019-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த பி.கே. மிஸ்ரா 1972 பேட்ச் (தேர்வாகிப் பணியில் சேர்ந்த ஆண்டு), குஜராத் கேடர் (பணிக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம்) ஐ.ஏ.எஸ். 2025 பிப்ரவரியில் இரண்டாவது முதன்மைச் செயலாளராக நியமிக்கப்பட்ட சக்திகாந்த தாஸ் 1980 பேட்ச், நம் தமிழ்நாடு கேடர். பணியில் சேர்ந்து 45 ஆண்டுகள் கழித்து, ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்துவிட்டுத்தான் வந்தார். வாஜ்பாயிடம் இருந்த பிரஜேஷ் மிஸ்ராவோ ஐ.எஃப்.எஸ்., அதாவது வெளியுறவுப் பணி அதிகாரி.

வேலை என்ன என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். பிரதமரின் முடிவுக்கு வரும் முக்கியமான கோப்புகளைப் படித்துக் குறிப்பு எழுதுவது. நிதித்துறை மறுக்கிற ஒன்றை வேறொரு துறை கேட்டால், விவகாரம் அமைச்சரவைக்குப் போகும் முன்பே இரு செயலாளர்களையும் உட்காரவைத்துப் பேசுவது. எடுத்த முடிவு நடந்ததா என்று விடாமல் கேட்பது. இதில் ஆட்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தலைவருக்குப் பிடிக்காத தகவலை வடிகட்டிவிடுகிறார்கள், அல்லது "பிரதமர் விரும்புகிறார்" என்று வாய்மொழியாகச் சொல்லித் துறைகளை நகர்த்துகிறார்கள். எழுத்தில் இல்லாத உத்தரவுக்குப் பின்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஆகவே அவள் குறிவைக்க வேண்டியது ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். போன்ற பணிகளுக்கு ஆள் எடுக்கும் சிவில் சர்வீசஸ் தேர்வு. எந்தப் பட்டமும் போதும், வயது 21 ஆக வேண்டும். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை 6 முறை, ஓ.பி.சி.க்கு 35 வரை 9 முறை எழுதலாம். முதல்நிலைத் தேர்வில் சிசாட் (கணக்கு, தர்க்கம், வாசித்துப் புரிதல்) தாளுக்கு 200-இல் 66 எடுத்தாலே தேர்ச்சி. அதைச் சாதாரணமாக நினைத்துக் கணக்கை விட்டுவிட்டுத் தோற்பவர்கள் ஏராளம். முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275 மதிப்பெண். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

தேறிய பிறகு சப் கலெக்டர், கலெக்டர். சுமார் 9 ஆண்டில் டெல்லியில் துணைச் செயலாளர், 14 ஆண்டில் இயக்குநர் பதவிகளுக்குத் தகுதி வரும். பிரதமர் அலுவலகத்திலும் அந்த நிலை இடங்கள் உண்டு. நாற்பது வயதுக்குள் எட்டக்கூடியது அதுதான். முதன்மைச் செயலாளர் பதவியை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்றே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று சொல்கிறோம். வாரம் ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து ஒரே பக்கத்தில் எழுதட்டும்: என்ன சிக்கல், என்னென்ன வழிகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு, யார் எதிர்ப்பார்கள், அவளுடைய பரிந்துரை எது. இரண்டாம் பக்கத்துக்குப் போனால் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

பட்டத்துக்குப் பின் இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க, தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (இளைஞர்கள் அரசுத் துறைகளோடு வேலை செய்யும் ஃபெல்லோஷிப்) இருக்கிறது, 2 ஆண்டு. கல்லூரியில் பொருளியல், புள்ளியியல், சட்டம் இவற்றில் ஒன்றை எடுப்பது நல்லது. தேர்வு கைகொடுக்காவிட்டாலும் அவற்றுக்கு வேலை கிடைக்கும்.