நாலு முறை படித்தும் ஏன் வரவில்லை?

கேள்வி: வயது 38. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பாடத்தை நாலு முறை படித்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மையும் பூசுகிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. புத்தகத்தை மூடினால் ஒரு வரிகூட வரவில்லை. ஞாபகசக்தி போய்விட்டதா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், கோளாறு படிக்கும் முறையில்தான். ஐந்தாம் முறை படிக்காதீர்கள்.

பார்த்த பக்கத்தையே மறுபடி பார்க்கும்போது, 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று மனம் சொல்லிவிடும். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பது போன்றது அது. தேர்வறையில் முகம் இருக்காது. பெயரை நீங்களாகச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு நீங்கள் பழகவே இல்லை.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு பகுதியை இருமுறை படிக்க வைத்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை படித்ததும், பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்ததே அதிகம் நினைவிருந்தது: அதில் 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் 56, திரும்பப் படித்ததில் 42. உங்களை ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடம்தான்.

இரண்டு பக்கம் படியுங்கள். மூடுங்கள். வெற்றுத்தாளில் வந்ததை எழுதுங்கள். முதல் நாள் பாதிகூட வராது, எரிச்சலாக இருக்கும். அப்படித் திணறித் தேடுவதுதான் நினைவை உறுதியாக்குகிறது. பிறகு திறந்து, விட்டதை மட்டும் பாருங்கள். மறுநாளும், நாலைந்து நாள் கழித்தும் இதையே செய்யுங்கள்.

ஏன் இரண்டே பக்கம்? மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியது சுமார் நாலு விஷயம்தான். 191419391969 என்பதை ஒவ்வோர் எண்ணாகப் பிடித்தால் நழுவும். முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போர், நிலவில் கால்வைத்த ஆண்டு என்று பார்த்தால் மூன்றே பொட்டலம். புதுப் பாடத்தையும் தெரிந்த ஒன்றோடு இப்படி முடிந்துவையுங்கள்.

மஞ்சள் மையா? பூசுங்கள், தடையில்லை. படித்த கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

பழகிய வழி தெரியாமல் நிற்பது, சற்றுமுன் பேசியதையே மறந்து மறுபடி கேட்பது என்று அன்றாட வாழ்க்கையிலும் தடுமாற்றம் இருந்தால், அது வேறு விஷயம்; மருத்துவரைப் பாருங்கள்.